குங்குமம் படிந்த கேசட்

அந்த கேசட்டின் மேல் ஒரு சந்தனப் பொட்டு இருக்கிறது. காய்ந்து வெடித்துப் பாதி உதிர்ந்துவிட்டது. நடுவில் வைத்த குங்குமம் மட்டும் பழைய செங்கல் நிறத்தில் கறுப்பு பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. போன ஐப்பசியில், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், கடை மேஜையில் வைத்து அதன் முன்மூடியை விரலால் தூக்கிப் பார்த்தேன். உள்ளே நாடாவின் ஓரமெல்லாம் செம்பழுப்பாகத் தூள் படிந்திருந்தது. சாகக் கிடக்கும் ஒரு மனிதரை எந்த வழியாகச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போவது என்பதற்கு அந்த நாடா ஒன்றுதான் சாட்சி. அது என் கண் முன்னாலேயே உதிர்ந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

கேசட் அக்காவுடையது. கூடப் பிறந்த அக்கா இல்லை. அரூர் பக்கத்தில் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து ஒரு வீடியோக் குழு நடத்தினோம். அதற்கு அவர்தான் தலைவி, கேமராக்காரி, வண்டி ஓட்டுபவர், தேவைப்பட்டால் சண்டைக்காரியும். நான் மைக் பிடிப்பவள். மொபெட்டில் அவர் முன்னால், நான் பின்னால், நடுவில் கைக்குழந்தை மாதிரி கேமரா. எந்த டிவிக்காரனும் எட்டிப் பார்க்காத ஊர்களுக்குப் போய், தண்ணீர் வராத குழாயையும் வாத்தியார் வராத பள்ளிக்கூடத்தையும் பிடித்துக்கொண்டு வந்து, அதை அந்த ஊரிலேயே ஒரு டிவிப் பெட்டி வைத்துப் போட்டுக் காட்டுவோம். எங்களுக்கு யாரும் விருது கொடுத்ததில்லை. சில ஊர்களில் டீ கொடுத்தார்கள், சில ஊர்களில் வண்டிக் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள்.

அக்காவிடம் எனக்கு எரிச்சலூட்டிய பழக்கம் ஒன்று உண்டு. பட்டனை அழுத்திவிட்டுச் சும்மா நிற்பார். பேச வேண்டியவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார், நாய் குறுக்கே போகும், யாரோ யாரையோ திட்டுவார்கள், கேமரா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கேசட் விலை தெரிந்த எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். கேட்டால், பேச ஆரம்பித்த பிறகு பட்டனை அழுத்தினால் பேச்சு மட்டும்தான் கிடைக்கும், ஆள் கிடைக்க மாட்டான் என்பார். ஊரில் போட்டுக் காட்டுவதற்காக நறுக்கித் தைத்துக் குட்டிப் படமாக்குவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பிடித்த நாடா அப்படியே இருக்க வேண்டும். "படம் போட்டுக் காட்டறதுக்கு எங்க வேணா வெட்டிக்க. முழு நாடாவுல கை வெச்ச, வெரல ஒடிச்சுருவேன்" என்பார். செய்யக்கூடியவர்தான்.

இன்னொரு பழக்கம், அவர் குணத்துக்கே பொருந்தாதது. ராகுகாலம் பார்ப்பவர்களோடு மல்லுக்கு நிற்பவர், பூனை குறுக்கே போனால் வேண்டுமென்றே வண்டியை விரட்டுபவர், ஆயுத பூஜை என்றால் மட்டும் ஆளே மாறிவிடுவார். கேமரா, மைக், மொபெட், அதுவரை பிடித்த கேசட்டுகள் அத்தனையையும் துடைத்து அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, மூன்று விரலால் குங்குமத்தை அள்ளி அப்புவார். எல்லாவற்றிலும் சிக்கனம் பார்ப்பவர் குங்குமத்தில் பார்த்ததில்லை. நான் கிண்டல் செய்தால், சோறு போடுகிற சாமானுக்கு ஒரு பொட்டு வைக்காவிட்டால் நாமெல்லாம் என்ன மனுசங்க என்று கேட்பார். வருஷா வருஷம் பொட்டின் மேல் பொட்டு ஏறும். மறுநாள்வரை எதையும் தொடக் கூடாது. பிறகு அந்தக் குங்குமத்தோடேயே அத்தனையும் டிரங்குப் பெட்டிக்குள் போகும்.

குழு கலைந்து வெகுகாலம் ஆகிறது. அக்கா போய்ச் சேர்ந்தும் சில வருஷங்கள் ஓடிவிட்டன. வீட்டைக் காலி செய்த அவருடைய தம்பி, பெட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் டவுன் பஸ்ஸில் போட்டு கம்பைநல்லூருக்கு அனுப்பி வைத்தார். இங்கே நான் ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஸ்டுடியோ என்பது போர்டில்தான். பாஸ்போர்ட் போட்டோ, ஜெராக்ஸ், காதுகுத்து பேனர், இதுதான் பிழைப்பு. பெட்டி மூலையில் கிடந்தது. அதன் மேல் பேப்பர் கட்டு அடுக்கியிருந்தேன்.

அந்த மத்தியானத்துக்கு முந்தின நாள், பக்கத்து ஊரிலிருந்து ஒரு வார்டு மெம்பர் வந்தார். முப்பது வயசுக்குள் இருக்கும் பெண். அந்த ஊர் தெற்குத் தெருக்காரர்கள் தங்கள் சுடுகாட்டுக்குப் போவதற்கு ஒரு நிலத்தைத் தாண்ட வேண்டும். முன்னொரு காலத்தில் தாண்ட விடவில்லை. ஓடைக்குள் இறங்கித்தான் பாடையைத் தூக்கிப் போனார்கள். ஓடையில் தண்ணீர் ஓடும் மாதங்களில் அது எப்படி இருக்கும் என்று நான் மைக்கோடு நின்று பார்த்திருக்கிறேன். அந்தச் சமயத்தில்தான் நிலத்துக்காரரான பெரியவர், ஊர்க்கூட்டத்தில் புளியமரத்தடியில், அக்காவின் கேமராவுக்கு முன்னால் வழி விடுவதாகச் சொன்னார். நாங்கள் அதைக் குட்டிப் படமாக்கி ஊரில் போட்டோம். அன்றிலிருந்து நிலத்தின் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் போய்விட்டார். மகன் முள்கம்பி இழுத்து, நிலம் முழுக்க மரவள்ளி நட்டுவிட்டார். எங்கப்பா அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை என்கிறார். தாசில்தார் ஆபீஸில் சமாதானக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். ஓடையில் தண்ணீர் வந்துவிட்டது. மெம்பர் இவ்வளவையும் நின்றபடியே சொல்லி முடித்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"எங்க மாமனாரு இன்னிக்கோ நாளைக்கோன்னு கெடக்கறாருங்க மேடம். அந்தப் படம் ஒங்ககிட்ட இருக்குதுன்னு சொன்னாங்க. இல்லன்னு மட்டும் சொல்லிராதீங்க."

குட்டிப் படத்தின் பிரதிகள் எங்கேயும் இல்லை. அவற்றின் மேல் யாரோ சீரியலும் காதுகுத்தும் பதிந்து தீர்த்துவிட்டார்கள். முழு நாடா மட்டும் பெட்டியில் இருந்தது. அக்காவின் கோணல் எழுத்தில், 'புளியமரம், முழுசு'.

வீடியோ கேசட்டைத் தொட்டே பல வருஷம் ஆகிவிட்டது. அதனால் முதலில் நெட்டைத் திறந்தேன். எங்களைப் போல நிறுவனம், சம்பளம் எதுவும் இல்லாமல் படம் பிடித்தவர்கள் தங்கள் வீடியோவையும் ஒலிநாடாவையும் எப்படிக் காப்பாற்றுவது என்று பல நாட்டு ஆட்கள் கூடி எழுதி வைத்த பக்கங்கள் அங்கே இருந்தன. இப்படி ஒரு உலகம் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. எல்லாம் ஆங்கிலம். போன் மொழிபெயர்த்துக் கொடுத்ததைப் படித்துப் படித்து ஒருவழியாகப் புரிந்துகொண்டேன். பழைய கேசட்டை ஆசைப்பட்டு உடனே ஓட விடாதே. முதலில் மூடியைத் தூக்கி நாடாவைப் பார். பூஞ்சை இருக்கிறதா, தூள் இருக்கிறதா, வாசனை என்ன. ஒரு கேசட்டுக்குக் கடைசித் தடவையாக ஓடும் தடவை எதுவென்று யாருக்கும் தெரியாது என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் மூடியைத் தூக்கினேன். தூளைப் பார்த்தேன்.

கேள்வி கேட்பதற்கு அங்கேயே ஒரு இடம் இருந்தது. போட்டோ எடுத்து, தெரிந்த ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிப் போட்டேன். எந்த நாட்டுக்காரரோ, நல்ல மனிதர், அன்றைக்கே பதில் போட்டார். படத்தைப் பார்த்தால் நாடாவின் மேல் பூசியிருக்கும் காந்தப் பூச்சுதான் செம்பழுப்பாக உதிர்வது போல் தெரிகிறது. பதிவு இருப்பதே அந்தப் பூச்சில்தான். இந்த நிலையில் ஓட்டினால் படம் சுரண்டிக்கொண்டு வந்துவிடும். குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வாட்டினால் ஒரே ஒரு தடவை ஓட்டும் அளவுக்குப் பூச்சு இறுகலாம். அதற்குரிய அடுப்பு ஆய்வுக்கூடத்தில் இருக்கும், வீட்டு அடுப்பில் வேண்டாம்.

ஆய்வுக்கூடத்துக்கு நான் எங்கே போவது? கூட்டம் திங்கட்கிழமை. மெம்பர் ரெண்டு தடவை போன் செய்துவிட்டார். மாமனார் கஞ்சியை நிறுத்திவிட்டாராம். வீட்டு அடுப்பில்தானே வேண்டாம் என்றார், பேக்கரி அடுப்பு என்றால் சூட்டைக் கூட்டிக் குறைக்கலாமே என்று புத்தி போயிற்று. பயந்துபோன மனசு எதையும் நியாயமாக்கிக்கொள்ளும். கேசட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு, கடைத்தெருவில் தெரிந்த பேக்கரிக்குப் போனேன். பேக்கரிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் அடுப்பில் பன் வெந்திருக்கிறது, பிஸ்கெட் வெந்திருக்கிறது, கேசட் வெந்ததில்லை. இருந்தாலும் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, உள்ளே அழைத்துப் போய் அடுப்புக் கதவைத் திறக்கக் கை வைத்தார்.

அந்தக் கதவின் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. நடுவில் குங்குமம். ஆயுத பூஜை முடிந்து அதிக நாள் ஆகவில்லை. காய்ந்த குங்குமம் உதிர்ந்து கீழே கைப்பிடியிலும், கதவு இடுக்கிலும், தரையில் கிடந்த தட்டின் விளிம்பிலும் படிந்திருந்தது. அதே நிறம். பேக்கரிக்காரர் கதவைத் திறந்துவிட்டார், சூடு முகத்தில் அடித்தது. நான் கேசட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். வேண்டாங்கண்ணா, மூடுங்க என்று சொன்னது நினைவிருக்கிறது. அவருக்குச் சரியாக விளங்கப்படுத்தினேனா என்று தெரியவில்லை. இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் ஒரு மாதிரி சிரிக்கிறார்.

ஆனாலும் ஆசைக்கு ஏற்றபடி காரணம் கண்டுபிடிக்கிறேனோ என்று பயமாக இருந்தது. தூளில் கொஞ்சத்தை மெல்லிய பிரஷ்ஷால் வெள்ளைத் தாளில் தட்டி, காந்தம் பக்கத்தில் வந்தால் பதிவு அழிந்துவிடும் என்று கேசட்டைக் கடைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றேன். உடைந்த ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தைத் தாளுக்கு அடியில் ஓட்டினேன். காந்தப் பூச்சாக இருந்தால் தூள் கூடவே ஓட வேண்டும். அசையவில்லை. மறுபடி ஓட்டினேன், கிடந்த இடத்திலேயே கிடந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அக்கா அள்ளி அப்பிய குங்குமம்தான் சந்து வழியாக உள்ளே இறங்கி உட்கார்ந்திருந்தது. தெருவில் நின்றபடி அழுதேன். உடனே அக்காவைத் திட்டவும் செய்தேன்.

அந்த நல்ல மனிதருக்குக் குங்குமம் என்றால் என்ன என்று எழுத எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அவர் பெரிதாக வியந்துவிட்டு, கேசட்டைப் பிரித்துச் சுத்தம் செய்யும் முறையைச் சொன்னார். திருகாணிகளைக் கழற்றி, நாடாவில் விரல் படாமல், உலர்ந்த மெல்லிய துணியால் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி, கையாலேயே சுற்றிச் சுற்றி எடுத்தேன். பொம்மிடியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் ஓடுகிற நிலையில் ஒரு விசிஆர் இருந்தது. பஸ் ஏறிப் போய் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மெம்பர் பக்கத்தில் நிற்க, கம்ப்யூட்டரில் பதிவை ஆரம்பித்துவிட்டு கேசட்டை உள்ளே தள்ளினேன்.

கோடுகள், கரகரப்பு, பிறகு புளியமரம். அதன் அடியில் பெரியவர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. மெம்பர் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியவர் வழி விடுகிறேன் என்று சொன்ன இடம் வந்ததும் என் கையைப் பிடித்து அழுத்தினார். எனக்கும் உடம்பு லேசாயிற்று. ஆனால் நாடா நிற்கவில்லை. குட்டிப் படத்தில் நாங்கள் வெட்டிய இடத்தைத் தாண்டி ஓடியது. பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேலே பேசினார்.

"பயிரு இல்லாதப்ப குறுக்கால தூக்கிக்கினு போங்கப்பா. பயிரு நிக்கறப்ப கெணத்து மேட்டோரமா சுத்திப் போங்க. பயிர மிதிக்கக் கூடாது. எனக்கப்புறமும் இதான் பேச்சு."

அப்போது அந்த நிலத்தில் ராகியும் சோளமும்தான். வருஷத்தில் பாதி நாள் வெறும் நிலமாகக் கிடக்கும். மரவள்ளி அப்படி இல்லை, ஏறக்குறைய வருஷம் முழுக்க நிற்கும். பெரியவரின் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டால் குறுக்கு வழி இல்லாத மாதிரிதான். கிணற்று மேட்டு வழி சுற்று, ஏற்றம், மழையில் வழுக்கும். மெம்பருக்கு இது ஒரு நொடியில் விளங்கிவிட்டது. கையை எடுத்துக்கொண்டார்.

அந்தக் கடைசித் துண்டை மட்டும் வெட்டிவிடலாமே என்றார். கேட்கும்போது குரல் கெஞ்சவில்லை, நியாயம்தான் பேசியது. நீங்களே முன்பு வெட்டித்தானே ஊரில் போட்டீர்கள்? அதற்கு முன்னால் அத்தனை வருஷம் எங்கள் தெருக்காரர்கள் ஓடைக்குள் இறங்கி நடந்தபோது யார் எந்த நியாயம் பார்த்தார்கள் என்று கேட்டார். வெட்டியது நீளம் கருதியா, தெற்குத் தெருவுக்காகவா என்று அக்காவிடம் அன்றைக்கு நான் கேட்கவில்லை. தெற்குத் தெருவுக்காகத்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன், அதற்காக அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வெட்டியவர்தான் முழு நாடாவை அழிக்காமல் பெட்டியில் வைத்திருந்தார். நெட்டில் இருந்த பக்கங்களும் அதையே வேறு பாஷையில் சொல்லின. முதலிலிருந்து கடைசிவரை எடு, எதையும் திருத்தாதே, ஒரே மாதிரி மூன்று பிரதி வை, ஒன்றை ஊருக்கு வெளியே வை. படித்தபோது சுலபமாக இருந்தது. ஒரு மனிதர் சாகக் கிடக்கிறார், அவர் மருமகள் எதிரே நிற்கிறாள்.

"வெட்ட மாட்டேன்மா" என்றேன். மெம்பர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை கூட்டத்தில் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பெரியவரின் மகன் எதிர்வரிசையில் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார். ஐம்பதை ஒட்டிய வயசு, அப்பாவின் தாடை. நான் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்பே அவர் எழுந்துவிட்டார்.

"இப்பல்லாம் செல்போன்லயே செத்தவங்கள பேச வெக்கறாங்க சார். எங்கப்பா மூஞ்சியப் போட்டு எவன் வேணாலும் என்ன வேணாலும் பேச வெப்பான். இதெல்லாம் ஒரு சாட்சிங்களா?"

கூட வந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். தாசில்தாருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. எங்கெங்கே வெட்டி ஒட்டியிருக்கிறது என்று என்னைக் கேட்டார். எங்கும் வெட்டவில்லை, முதலிலிருந்து போடுகிறேன், சலிப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

புளியமரம் வந்தது. பெரியவர் வந்தார். அவர் வாய் அசைகிறது, வார்த்தை விழவில்லை. பின்னால் பம்புசெட் மோட்டார் இரைந்துகொண்டிருக்கிறது. படத்துக்கு வெளியே இருந்து அக்காவின் குரல், சத்தம் சேருதுங்க, கொஞ்சம் பொறுக்கலாங்களா என்கிறது. பெரியவர் எரிச்சலோடு திரும்பிக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார்.

"டேய் சின்னவனே, மோட்டார நிறுத்துடா. நான் பேசறது வுழ மாட்டேங்குதாம்."

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. பெரியவர் துண்டை உதறிப் போட்டுக்கொள்கிறார். அக்கா வழக்கம்போல் கேமராவை நிறுத்தவில்லை. இரைச்சல் இறங்கி, இழுத்து, நின்றது. படத்தின் ஓரத்தில் ஒரு வாலிபன் லுங்கியில் கையைத் துடைத்தபடி வந்து நின்று கேமராவை முறைத்துப் பார்த்தான். அந்தத் தாடையைக் கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது. ஊரில் காட்டிய படத்துக்காக முதலில் வெட்டி எறிந்த இடம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஓட்டியபோது, பேச்சு எப்போது வரும் என்ற அவசரத்தில் நானே இதைக் கவனிக்கவில்லை.

மகன் உட்கார்ந்துவிட்டார். பெரியவர் வழி விட்டார். கிணற்று மேட்டையும் சொன்னார், பயிரை மிதிக்கக் கூடாது என்றும் சொன்னார். மெம்பர் தலையைக் குனிந்துகொண்டார். கடைசிவரை ஓட விட்டு நிறுத்தினேன். தாசில்தார் மகனைப் பார்த்து, என்ன சொல்கிறீர்கள் என்றார். பயிர் நிற்கிறது, அப்பாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று அவர் எழுந்து போயிருக்கலாம். கூட வந்தவர்களில் ஒருவர் அதைத்தான் அவர் காதில் ஓதினார். அவர் அதைக் கையால் தள்ளினார்.

"மோட்டார நிறுத்துனது நாந்தாங்க" என்றார்.

பிறகு, கெணத்து மேட்டுப் பக்கம் கம்பியைப் பிரித்துவிடுகிறேன், குறுக்கால மட்டும் கிழங்கு பிடுங்கின பிறகுதான் என்றார். பொய்யாகப் படம் செய்து கொண்டுவருகிறவன், நமக்குச் சாதகமான இந்த ரெண்டாவது பேச்சையுமா எங்கப்பா வாயில் வைப்பான் என்று தன் ஆட்களிடமே கேட்டார்.

அந்த வாரமே மெம்பரின் மாமனார் போய்விட்டார். நல்ல மழை. நான் போகவில்லை, என்னை யாரும் கூப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள் மெம்பர் போன் செய்தார். மேட்டில் சேறு வழுக்கி ரெண்டு இடத்தில் பாடையை இறக்கி வைத்தார்களாம். குறுக்கால விட்டிருந்தால் இந்தப் பாடு இல்லை என்றார்.

"சுத்திதாங்க போனோம். ஆனா தண்ணியில எறங்கல" என்றார். என் மேல் கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை. போக வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

பெரியவரின் மகன் தைக்குப் பிறகு ஒரு நாள் கடைக்கு வந்தார். நெடுநேரம் பேனர் மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மோட்டார நிறுத்துடாங்கறாரே, அத மட்டும் வெட்டிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். வெட்டிக் கொடுத்தேன். அக்கா இருந்தாலும் கொடுத்திருப்பார். அவர் அதைப் போனில் வைத்து, கடை வாசலிலேயே நின்று, அப்பா தன்னைத் திட்டுவதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். மூன்றாவது பிரதியை நெட்டில், எங்களைப் போன்றவர்களின் படங்களைச் சேர்த்து வைக்கும் ஒரு இடத்தில் போடலாமா என்று கேட்டேன். படத்தில் இருப்பவர்களைக் கேட்காமல் போடாதே என்றும் அந்தப் பக்கங்களில் இருந்தது. மெம்பரை ஏற்கனவே கேட்டிருந்தேன். மகன் யோசித்தார். முழுசாகப் போடுவதாக இருந்தால் போடுங்கள் என்றார்.

இப்போது பெட்டியில் இருந்த மற்ற கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குங்குமத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஆயுத பூஜைக்கு அவற்றின் மேல் எதையும் வைக்கவில்லை, அலமாரிப் பலகைக்கு மட்டும் சந்தனம் வைத்தேன். புளியமரம் கேசட் மேல்தட்டில் தனியாக இருக்கிறது. உள்ளே நாடாவில் ஒரு தூள் கிடையாது. மேலே அக்கா வைத்த பொட்டு அப்படியே இருக்கிறது. கேசட்டின் வெளிப்புறத்தையும் ஈரத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும் என்று அந்த நல்ல மனிதர் ரெண்டு தடவை எழுதிவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை.